சித்திரமா, சமூகமா: களுவாஞ்சிகுடித் தங்கச்சிக்கு

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். உயர்தரம் எழுதி முடித்துவிட்டார். பாடங்கள் சித்திரம், நாடகமும் அரங்கியலும், புவியியல். "வடிவமைப்புப் படிக்க விருப்பம். ஆனால் சமூகத்தைப் பற்றியும் படிக்க வேண்டும், எழுதவும் வேண்டும். நியூயோர்க்கில் ஒரு பல்கலைக்கழகம் இரண்டையும் சேர்த்துப் படிக்க விடுகிறதாம். உண்மையா? அங்கே போக முயலலாமா? அப்பாவோ, சித்திரம் படித்து இந்த ஊரில் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறார்" என்பது அவருடைய கேள்வி.

தங்கச்சி, உங்கள் அப்பாவின் கேள்விதான் இதில் மிகக் கடினமானது. அதனால் அதைக் கடைசிக்கு வைக்கிறேன். நான் மட்டக்களப்புக் கல்லடியில் பிறந்தவள். நாடகத்தில் முதற்பட்டம் இங்கேயே பெற்றேன். பிறகு புலமைப்பரிசில் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் நியூயோர்க்கில், நீங்கள் சொல்லும் இடத்தில் அல்ல, வேறோர் இடத்தில், அரங்க வடிவமைப்பில் முதுகலை படித்தேன். நீங்கள் சொல்லும் பல்கலைக்கழகத்தின் வாசலை வாரத்தில் மூன்று நாளாவது கடந்து போயிருக்கிறேன். அங்கே படித்த சிநேகிதிகளும் இருந்தார்கள்.

நீங்கள் குறிப்பிடுவது நியூ ஸ்கூல். அதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அதன் குணமும் விளங்கும். முதலாம் உலகப் போர்க் காலத்தில் பல்கலைக்கழகங்களில் பேச்சுரிமை நெருக்கப்பட்டதால் கசந்துபோன சில அறிஞர்கள் 1919இல் அதைத் தொடங்கினார்கள். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து யூதப் பேராசிரியர்களையும் எதிர்க்கருத்துக் கொண்டவர்களையும் வெளியே தள்ளியபோது, "நாடுகடந்தோர் பல்கலைக்கழகம்" என்ற பெயரில் ஒரு பிரிவைத் திறந்து அவர்களுக்கு இடம் கொடுத்தது. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட் பின்னாளில் அங்கே கற்பித்தார். நாங்கள் வடிவமைப்புக்கென்றே உள்ளது என்று நினைக்கும் பார்சன்ஸ் கல்லூரி 1896இலிருந்து தனியாக நடந்து வந்தது. 1970இல்தான் இதனோடு சேர்ந்தது. யூஜின் லாங் கல்லூரி என்பது அதே பல்கலைக்கழகத்தின் மற்றொரு பகுதி. தத்துவம், இலக்கியம், சமூகவியல் போன்றவற்றைப் பத்துப் பதினைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் படிக்கும் இடம் அது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: உண்மை. பார்சன்ஸில் நுண்கலைப் பட்டமும் லாங்கில் கலைப் பட்டமும் சேர்த்து ஐந்து ஆண்டுகளில் இரண்டு பட்டங்களாக வாங்க ஒரு திட்டம் இருக்கிறது. பார்சன்ஸில் மட்டும் சேர்ந்தாலும் முதலாண்டில் ஸ்டூடியோ வகுப்பு ஒன்றையும் கருத்தரங்கு வகுப்பு ஒன்றையும் சோடியாக வைத்திருக்கிறார்கள். ஒன்றில் செய்கிறீர்கள், மற்றதில் அதே பொருளை வாசித்து எழுதுகிறீர்கள். கை ஒரு கட்டடத்திலும் மூளை இன்னொரு கட்டடத்திலும் இருக்கக் கூடாது என்பது அவர்களுடைய எண்ணம்.

இடையில் ஒன்று. "லிபரல் ஆர்ட்ஸ்" என்பதைச் சிலர் "தாராளக் கலைகள்" என்று மொழிபெயர்க்கிறார்கள். கேட்டால் யாரோ அள்ளிக் கொடுக்கிற கலை போல இருக்கிறது. அது ஆடல் பாடல் சித்திரம் அல்ல. இலக்கியம், வரலாறு, கணிதம், தத்துவம், இயற்கை விஞ்ஞானம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கற்று, பிறகு ஒன்றில் ஆழப் போகிற முறை. பதினாறு வயதிலேயே பிள்ளைகளைக் கலை, வர்த்தகம், விஞ்ஞானம், தொழில்நுட்பம் என்று தனித்தனித் தொழுவங்களில் கட்டிவிடுகிற எங்கள் உயர்தரத்துக்கு அது நேரெதிர்.

அந்தத் தொழுவக் கணக்கை எங்கள் மண்ணே ஒருமுறை உடைத்தது. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் என்ற பையன் கொழும்பில் விஞ்ஞானம் கற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். பௌதிகமும் கற்பித்தார், தமிழும் கற்பித்தார். துறவியாகி விபுலாநந்தர் ஆனபின், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் வெளிவந்த அவருடைய யாழ்நூலைத் திறந்து பாருங்கள். இசை நூல் என்று எடுத்தால் உள்ளே பின்னங்களும் கணக்குமாக இருக்கும். சிலப்பதிகாரத்தின் வரிகளை வைத்துக்கொண்டு, மறைந்துபோன ஒரு வாத்தியத்தின் சுரங்களை அளவிட்டு மீட்கப் பார்த்தவர் அவர். பௌதிகம் தெரியாத தமிழ்ப் பண்டிதர் அதைத் தொட்டிருக்க மாட்டார், தமிழ் தெரியாத பௌதிகவாதியும் தொட்டிருக்க மாட்டார். கல்லடி உப்போடை சிவாநந்தா வித்தியாலய வளவில் அவருடைய சமாதிக்கு மாலை போடுகிறோம். அதே வாரத்தில் விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைக்கு "கூத்துக்குப் போகாதே, படிப்புக் கெடும்" என்கிறோம்.

கூத்துக்கு வருவோம். நியூயோர்க் போன முதல் மாதம் எனக்கு நடந்ததைச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது புரியும்.

அங்கே ஸ்டூடியோ வகுப்புகளில் விமர்சன அமர்வு என்று ஒன்று உண்டு. செய்ததைச் சுவரில் மாட்டிவிட்டு நிற்க வேண்டும். வகுப்பு முழுவதும் அதைச் சுற்றி நின்று பேசும். ஏன் இந்தத் துணி, ஏன் இந்த உயரம், பார்க்கிறவர் எங்கே நிற்பார் என்று நினைத்தாய். மரியாதைக் குறைவாக யாரும் பேசுவதில்லை, ஆனால் விடவும் மாட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பேசும்போது தலையை ஆட்டிப் பழகிய எனக்கு வாய் வரவில்லை. ஓர் அரங்க மாதிரிக்கு ஏன் திரைச்சீலை வைத்தாய் என்று கேட்டார்கள். "அழகாக இருக்கும்" என்றேன். "யாருக்கு?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று இரவு அறைக்குப் போய் அழுதேன் என்று சொல்வதில் வெட்கமில்லை.

அடுத்த அமர்வுக்கு வேறு வழியில்லாமல் எங்கள் வடமோடிக் கூத்துக் களரியை வரைந்துகொண்டு போனேன். வட்டமான களரி. நாலு பக்கமும் சனம். திரையும் இல்லை, பின்புறமும் இல்லை. மத்தளக்காரரும் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரும் களரிக்குள்ளேயே நிற்கிறார்கள். மீன் பிடிக்கும் கரப்பைப் போல இடுப்பிலிருந்து விரிந்து நிற்பதால் அரச உடுப்புக்குக் கரப்புடுப்பு என்று பெயர். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும், கடைசி வரிசையில் தூக்கக் கண்ணோடு இருக்கிற கிழவிக்கும் வருகிறவன் அரசன் என்று தெரிய வேண்டும் அல்லவா? ஆட்டத்தில் சுழலும்போது உடுப்பும் சேர்ந்து சுழலும். இதைச் சொல்லத் தொடங்கிய பிறகு நாற்பது நிமிடம் என்னை அவர்கள் உட்கார விடவில்லை. அத்தனை கேள்விகள். உடுப்பின் எடை எவ்வளவு, இரவு முழுவதும் ஆடுகிறவர் எப்படித் தாங்குகிறார், யார் செய்கிறார், செலவை யார் கொடுக்கிறார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆடுகிறவர்களுக்கு அவரவர் பாட்டைக் கொடுக்கும் சட்டங்கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரை சின்ன வயதில் அத்தனையும் பார்த்தவள்தான், ஆனால் யாரையும் ஒன்றும் கேட்டதில்லை.

அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. உடையும் இடமும் இசையும் கதையும் சாதியும் பணமும் ஒரே பொருளாகப் படிக்கப்பட வேண்டும் என்று அந்த நகரத்துப் பல்கலைக்கழகங்கள் பெரிய விலைக்கு விற்கிற விஷயம், களரியில் பிரிக்கப்படாமலே கிடந்தது. அதைப் படிப்பாக்கத் தெரியாதிருந்தது எங்களுக்குத்தான்.

தெரியாதிருந்தது என்று முழுதாகச் சொல்லவும் முடியாது. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடியதைச் சுருக்கி, வட்டக் களரியை ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்குள் கொண்டுவந்தார். கர்ணன் போர் 1962இல், இராவணேசன் 1964இல். அதில் ஆடிய மாணவர்களில் ஒருவரான மௌனகுரு பின்னர் பேராசிரியராகி மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களையே ஆய்வுப் பொருளாக்கினார். பிறகு வந்த ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும், மேடைக்குக் கொண்டுபோனது போதும், கூத்தை அதன் ஊரிலேயே அந்த ஊர்ச் சனத்தோடு மீளுருவாக்குவோம் என்று மட்டக்களப்புச் சீலாமுனையில் இறங்கினார்கள். வட்டத்தைச் சதுரமாக்கலாமா என்ற இந்த வாதம் ஒரு வடிவமைப்பு வாதம். அதே நேரம் சமூக வாதமும்கூட. நீங்கள் தேடுகிற பல்துறைப் படிப்பின் முதல் பாடம் இதுதான் என்று சொன்னால் நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம்.

சரி, போகலாமா? பணத்தைப் பேசுவோம். நியூ ஸ்கூலில் கற்கைக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டொலருக்கு மேல். டொலர் முந்நூறு ரூபாய் என்று வைத்தால் ஒன்றரைக் கோடி. அறை வாடகை, சாப்பாடு, துணி, கடதாசி, அச்செடுப்பு எல்லாம் அதற்கு வெளியே. மன்ஹாட்டனில் அறை வாடகை என்பது தனி நரகம். ஐந்தாண்டுத் திட்டமென்றால் பெருக்கிப் பாருங்கள். அமெரிக்க அரசின் கல்வி உதவி வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது. திறமைக்காகப் பல்கலைக்கழகம் கொடுக்கும் உதவி உண்டு, ஆனால் அது கட்டணத்தில் ஒரு பங்கைக் குறைக்குமே தவிர முழுவதையும் மூடுவது அரிது. மாணவ விசாவில் படிக்கும்போது வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரம் வரை வேலை செய்யலாம். அது சாப்பாட்டுக்குக் காணும்.

வீட்டை அடகு வைத்து முதற்பட்டத்துக்கு அங்கே போக வேண்டாம். இதைத் தயங்காமல் சொல்கிறேன். வளவை விற்றுப் போன பிள்ளைகள் அங்கே எதையும் துணிந்து செய்வதில்லை. விழுந்தால் குடும்பமே விழும் என்ற பயத்தில் பாதுகாப்பானதையே செய்கிறார்கள். அந்தப் படிப்போ துணிந்து பிழைவிடுகிறவர்களுக்கானது.

என் கணக்கு வேறு: முதற்பட்டத்தை இங்கேயோ இந்தியாவிலோ செலவில்லாமல் முடியுங்கள், முதுகலைக்கு வெளியே போங்கள். முதுகலைக்கு அமெரிக்கா போவதற்கான புல்பிரைட் புலமைப்பரிசில் இருக்கிறது. இலங்கையில் அதன் ஆணைக்குழு 1952இலிருந்து இயங்குகிறது. முதற்பட்டத்துக்கு இந்திய அரசு இலங்கை மாணவருக்குக் கொடுக்கும் நேரு நினைவுப் புலமைப்பரிசில் உண்டு, கட்டணத்தோடு மாதப் படியும் தருகிறார்கள், கலைப் பாடங்களுக்கும் பொருந்தும். கொழும்பில் உள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவித்தலைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

இங்கே என்ன இருக்கிறது? கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். இசை, நடனம், நாடகமும் அரங்கியலும், கட்புலமும் தொழில்நுட்பக் கலைகளும். உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். வந்தாறுமூலையில் அதே பல்கலைக்கழகத்தின் கலை கலாசார பீடம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். வடிவமைப்பைப் பெயரிலேயே வைத்திருக்கும் பட்டம் வேண்டுமென்றால் மொரட்டுவைப் பல்கலைக்கழகம். அதற்கு உளச்சார்புப் பரீட்சை தனியாக உண்டு, படிப்பு ஆங்கிலத்தில். யாழ்ப்பாணத்திலும் சித்திரத்துக்கும் கலை வரலாற்றுக்கும் இடம் உண்டு. உளச்சார்புப் பரீட்சைக்கான அறிவித்தல் வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். பிறகு பார்ப்போம் என்று காத்திருந்து அந்தப் பரீட்சையைத் தவறவிட்டவர்கள் பலர்.

கல்லடியில் சேர்ந்தால் நியூயோர்க்காரர்கள் சோடியாக வைத்திருக்கும் அந்த இரண்டாவது வகுப்பை நீங்களேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். யாரும் நேரசூசியில் போட்டுத் தர மாட்டார்கள். வந்தாறுமூலையில் சமூகவியல் படிக்கிற சிநேகிதி ஒருத்தியைப் பிடியுங்கள். அவளுடைய வாசிப்புப் பட்டியலை வாங்குங்கள். மாதம் ஒரு கட்டுரை, நீங்கள் செய்த ஒரு பொருளைப் பற்றி, ஆயிரம் சொல். நகரம் முழுவதும் வகுப்பறை என்று அந்தப் பல்கலைக்கழகங்கள் சொல்வது பொய்யல்ல. நியூ ஸ்கூலுக்குச் சுற்றுமதிலும் புல்வெளியும் கிடையாது, ஐந்தாம் அவெனியூவில் கடைகளுக்கு நடுவே கட்டடங்கள், கதவைத் திறந்தால் தெரு. நியூயோர்க்கில் படிக்கிற மாணவர் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்துக்கு விரும்பியதைக் கொடுத்து நுழையலாம். நான் ஒரு டொலரோடு மாதம் நாலு தரம் போனேன். மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் ஒல்லாந்தர் கோட்டை இருக்கிறது, சந்தை இருக்கிறது, வாவி இருக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1960களின் இறுதியில் அக்கரைப்பற்றுக்கு வந்து, தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையோடு அடுத்தடுத்து வாழ்வதை ஆராயத் தொடங்கினார். அது அவருடைய வாழ்நாள் வேலையாகிவிட்டது. சீதனமாக வீடு ஏன் பெண்ணுக்குப் போகிறது, அதனால் எங்கள் வீடுகளின் வளவும் வாசலும் எப்படி அமைகின்றன என்று உங்கள் அம்மம்மாவிடம் ஒரு பின்னேரம் கேட்டால் கட்டடக்கலைக்கு ஒரு படைப்புத் தொகுப்புக்கான விஷயம் கிடைக்கும்.

படைப்புத் தொகுப்பு என்றதும் நினைவு வருகிறது. பார்சன்ஸ் போன்ற இடங்கள் விண்ணப்பத்தோடு எட்டிலிருந்து பன்னிரண்டு படைப்புகள் வரை கேட்கும், கூடவே எழுத்தும். இதுவரை எங்கள் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்த தொகுப்புகளில் பெரும்பாலும் மூன்று வகைதான்: பென்சிலில் நடிகர் முகம், பானையும் பழமும், சூரிய அஸ்தமனத்தில் கல்லடிப் பாலம். மூன்றும் கை நன்றாக இருக்கிறது என்று காட்டும். அவ்வளவுதான். தெரிவு செய்கிறவர் பார்க்க விரும்புவது நீங்கள் எதைக் கவனித்தீர்கள், எப்படித் தடுமாறினீர்கள் என்பதை. பன்பாய் இழைக்கிற ஒருவருக்கு அருகில் மூன்று நாள் உட்கார்ந்து, பன் வெட்டுவதிலிருந்து சாயம் ஊட்டி முடிக்கிறது வரை படிப்படியாக வரையுங்கள். மருதமுனைத் தறியில் ஒரு சாரத்தின் கட்டம் எப்படிக் கணக்குப் பார்த்து விழுகிறது என்று கேளுங்கள். அலுவலகப் பெயர்ப்பலகைகளில் சிங்களமும் ஆங்கிலமும் அழகாக நிற்க, தமிழ் மட்டும் நெரிந்து, எழுத்துப் பிழையோடு ஏன் கிடக்கிறது என்று ஐம்பது பலகைகளைப் படமெடுத்து அடுக்குங்கள், பிறகு ஐந்தை நீங்களே திருத்தி வரையுங்கள். கடைசியாகச் சொன்னது எனக்கு மிகவும் விருப்பமானது, யாராவது செய்துவிட வேண்டுமென்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலம். சுற்றிவளைக்காமல் சொன்னால், அதில்லாமல் வெளியே எதுவும் நடக்காது. ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையில் 7 அளவுக்கு வேண்டியிருக்கும். நாலு வருடம் கையில் இருக்கிறது.

இனி அப்பா. அவர் பயப்படக் காரணம் இருக்கிறது. 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்கா முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை அவர் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார். அங்கே இருந்தவர்களில் கலைப் பட்டதாரிகள் நிறைய. அதைப் பார்த்த ஒரு தகப்பனிடம் "கலை மனதை விரிக்கும்" என்று சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார்.

அவரிடம் இப்படிச் சொல்லுங்கள். சித்திர ஆசிரியர் நியமனம் ஒன்றுதான் வழி என்று நம்பிக் காத்திருப்பது ஆபத்தானது, அதில் அப்பா சொல்வது சரி. ஆனால் ஆடைத் தொழிலுக்கு வடிவமைப்பாளர் தேவை. கைத்தொலைபேசிச் செயலிகளின் திரைகளை வரைகிறவர்கள் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்கு வேலை செய்கிறார்கள். அங்கே பட்டத்தைவிடத் தொகுப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். வெறும் கை மட்டும் இருக்கிறவரைக் காட்டிலும், ஏன் இப்படிச் செய்தேன் என்று நாலு பந்தி எழுதத் தெரிந்தவருக்குத்தான் அந்த வேலைகளில் மேலே போக முடிகிறது. என்னோடு படித்தவர்களில் இன்று நன்றாக இருப்பவர்களைப் பார்த்துச் சொல்கிறேன், சாத்திரமாகச் சொல்லவில்லை. அதோடு, கல்லடியில் படித்தால் கட்டணமில்லை, மகள் வீட்டிலேயே சாப்பிடுவாள், நாலு வருடம் கழித்து வழி சரியாக வராவிட்டாலும் வளவு போகாது. கடைசிக் காரணத்தை முதலில் சொல்லுங்கள்.

அம்மா என்ன சொல்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை. கேட்டுப் பாருங்கள். என் வீட்டில் அப்பாவை மசிய வைத்தது அம்மாதான், அவருக்குக் கூத்துப் பாட்டு முழுவதும் மனப்பாடம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த மாதம் முழுவதும் கல்லடியில்தான் இருப்பேன். தொகுப்பைச் சுத்தப்படுத்திக் கொண்டுவர வேண்டாம். அடித்தது, கிழித்தது, பாதியில் விட்டது உள்ள வரைபுப் புத்தகத்தோடு வாருங்கள். அப்பா வருவதென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.